அனுதாபத்தோடு திறந்த கடை

சாய்ந்தமருதில் றிஸ்லாவின் முகத்தை அறிந்தவர்களைவிட அவளுடைய மாப் பக்கெட்டை அறிந்தவர்கள்தான் அதிகம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் அரைக்கிற மெஷின் ஒன்று, வறுக்கிற பெரிய தாச்சி ஒன்று, உதவிக்கு அயல் பெண்கள் இருவர். சிவப்பரிசியை ஊறவைத்து, அரைத்து, வறுத்து, அரித்து, சிறு பைகளில் பக்கெட்டாக அடைத்தால் இடியப்ப மா. அந்த மாவைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் போதிய அளவுக்கு வாங்க ஆள் இல்லை. வாரத்தில் பாதி நாள் மெஷின் சும்மா கிடந்தது. மெஷின் சும்மா கிடந்தால் அந்த இரண்டு பெண்களுக்கும் வேலை இல்லை. அவர்கள் வாய்விட்டுக் கேட்காததுதான் றிஸ்லாவை அதிகம் உறுத்தியது.

விற்கிற பொறுப்பை அவள் கைப்பேசியிடம் ஒப்படைத்திருந்தாள். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் பெண்கள் வியாபாரம் பேசுகிற வட்ஸ்அப் குழுக்கள் எத்தனை உண்டோ அத்தனையிலும் அவள் இருந்தாள். எல்லாவற்றிலும் பெரியது 'கரையோர மகளிர் வியாபார வட்டம்'. வியாபார வட்டம் என்று பெயர்தானே தவிர, அதில் வியாபாரத்தைவிட ஊர்ப்புதினம்தான் ஓடும். பிள்ளை பிறந்தது, பையனுக்குக் கத்னா, கல்யாணம், மரணம் சொல்கிற ஜனாஸா அறிவித்தல், காணாமல் போன பூனை எல்லாம் வரும். றிஸ்லா ஒன்றையும் விடமாட்டாள். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான வார்த்தைகளை முதலே எழுதிப் போனில் பதிந்து வைத்திருந்தாள். ஒன்றைத் தட்டினால் வாழ்த்து வரும். இரண்டைத் தட்டினால் அனுதாபம் வரும். மூன்றைத் தட்டினால் பிறந்த பிள்ளைக்கு துஆ வரும். மூன்றுக்கும் கீழே மறக்காமல் ஒரு வரி: 'றிஸ்லா மா வகைகள், சாய்ந்தமருது. மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்.'

"உறவ வளக்கிறன்" என்பாள்.

அவள் கணவன் ஸாஜித் வயரிங் வேலை செய்கிறவன். வீடு வீடாக ஏறி இறங்குகிற பிழைப்பு என்பதால் ஊரில் அவன் தேத்தண்ணி குடிக்காத குசினி குறைவு. அவனுக்கு மனைவியின் இந்த உறவு வளர்ப்பு பெரிய பகிடி.

"ஒருக்காப் போய் மூஞ்சியக் காட்டினா மா புளிச்சிப் போயிருமா?" என்று கேட்பான்.

"எனக்கு வேலை இல்லையா? போன்ல முடியிற வேலைக்கு என்னத்துக்கு நான் பஸ் ஏறணும்?"

இது அவள் வெளியே சொல்கிற காரணம். உள்ளே இருந்த காரணம் பயம். நாலு பேருக்கு நடுவே நின்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொல்ல நினைத்தது ஒன்று, சொல்லி முடிப்பது இன்னொன்று. போனில் என்றால் எழுதலாம், அழிக்கலாம், திரும்ப எழுதலாம். முகம் சிவப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை. குழுவில் அவளுடைய படம்கூட அவளுடையது அல்ல. மாப் பக்கெட்டின் படம்.

இப்படி இருக்கையில்தான் அக்கரைப்பற்றில் அஸ்மியா பெரிய பலசரக்குக் கடை ஒன்று திறக்கப் போகிறாள் என்ற செய்தி குழுவில் வந்தது. ஏற்கெனவே மொத்த வியாபாரம் செய்கிற அஸ்மியா சாதாரணப் புள்ளி இல்லை. அவள் எந்தச் சாமானை எடுக்கிறாளோ அதையே பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் சில்லறைக் கடைக்காரர்களும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். அவளுடைய கடை அலுமாரியில் ஒரு தட்டுக் கிடைத்துவிட்டால் மெஷினுக்கு ஓய்வே இராது. றிஸ்லா அவளுக்கு மாவைப் பற்றி எழுதினாள், படம் அனுப்பினாள், வீடியோ அனுப்பினாள். இரண்டு மாதமாக விடாமல் எழுதியதன் பலனாக அஸ்மியாவிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது.

"ராத்தா, உங்கட மா நல்லம் எண்டு எல்லாரும் சொல்றாங்க. ஊர் மாவுக்கு எண்டு ஒரு தட்டு ஒதுக்கி வெச்சிரிக்கன். வியாழக்கிழம கட தொறக்கிறம். வாங்க, நேர கதைச்சி முடிப்பம்."

றிஸ்லா அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். 'இன்ஷா அல்லாஹ்' என்று பதில் அனுப்பினாள். வியாழக்கிழமை விடிந்ததும் மெஷினைத் துடைக்கத் தொடங்கினாள்.

"போகல்லயா?" என்று ஸாஜித் கேட்டான்.

"நல்லதா ஒரு வாழ்த்துப் போட்டிட்டா சரிதானே. திறப்பு விழா நெருக்கத்துக்குள்ள ஆரு என்னோட கதைக்கப் போறாங்க? அடுத்த கிழம ஆறுதலாப் போவம்."

ஸாஜித் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

அன்று காலையில் குழுவில் இரண்டு ஜனாஸா அறிவித்தல்கள் வந்தன. ஒன்று நிந்தவூரில், மற்றது மருதமுனையில். றிஸ்லா இரண்டைத் தட்டினாள். மறுபடியும் இரண்டைத் தட்டினாள். சற்று நேரத்தில் அஸ்மியா அனுப்பிய படம் வந்தது. புதுக்கடை வாசலில் நாற்காலி போட்டு அஸ்மியாவின் தாய் சல்மா உம்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை, தலையில் வெள்ளை முக்காடு, அமைதியான முகம். கீழே அஸ்மியா எழுதியிருந்தது நீளமாக இருந்தபடியால் 'அல்ஹம்துலில்லாஹ்' என்ற முதல் சொல்லோடு குழு அதை மடித்து வைத்துவிட்டது. பக்கத்தில் தாச்சியில் மா வறுபட்டுக் கருகுகிற பதத்தில் இருந்தது. றிஸ்லா ஒரு கையில் அகப்பையோடு மறுகையால் அவசரமாகத் தட்டினாள். விரல் பழக்கத்தில் இரண்டுக்கே போனது. அனுப்பிவிட்டு, போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, மெஷினைப் போட்டாள்.

கடை திறந்த சந்தோசப் படத்துக்குக் கீழே போய் விழுந்தது இதுதான்:

'இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன். அல்லாஹ் இந்த இழப்பைத் தாங்கும் பொறுமையை உங்கள் குடும்பத்தினருக்குத் தருவானாக. றிஸ்லா மா வகைகள், சாய்ந்தமருது. மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்.'

இதோடு நின்றிருந்தால் ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும். ஆனால் எங்களுடைய குழுக்களின் குணம் தெரியாதா? ஒருவர் இன்னா லில்லாஹி போட்டால் அடுத்தவர் மேலே போய்ப் பார்ப்பதே கிடையாது. பார்ப்பது மரியாதைக் குறைவு என்பதுபோல உடனே தானும் போட்டுவிடுவார். யாருக்கு என்று பிறகு விசாரிப்பார், விசாரிக்காமலும் விடுவார். இங்கே மேலே போய்ப் பார்த்தவர்களும் தப்பவில்லை. அவர்கள் கண்டது வெள்ளை உடுத்த வயதான மனுசியின் படம். வேறென்ன நினைப்பார்கள்?

மெஷினை நிறுத்திவிட்டு றிஸ்லா போனை எடுத்தபோது குழு முழுவதும் இன்னா லில்லாஹியாக நிறைந்திருந்தது. 'சல்மா உம்மா எவ்வளவு நல்ல மனுசி' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'நேத்தும் சந்தைல கண்டனே' என்றாள் இன்னொருத்தி. 'ஜனாஸா எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?' என்று பாலமுனையிலிருந்து ஒரு கேள்வி. அதற்கு எங்கிருந்தோ ஒரு புண்ணியவதி, 'அஸறுக்குப் பிறகு எண்டு கேள்வி' என்று நேரமும் குறித்துக் கொடுத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, தலைமை தாங்குவதுபோல, மொத்தமாகவும் சில்லறையாகவும் றிஸ்லா.

அவள் அவசரமாகத் தன்னுடைய செய்தியை அழித்தாள். அதற்குக் கீழே வந்தவை அப்படியே இருந்தன. 'யாரும் மௌத்தாகவில்லை, என் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினாள். எழுதிக் கையெடுப்பதற்குள் அதற்குக் கீழேயும் மூன்று பேர் பொறுமை கேட்டு துஆச் செய்தார்கள். அஸ்மியாவுக்கு அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். பிறகு ஸாஜித்துக்கு அழைத்தாள். சொல்லத் தொடங்கியவள் பாதியில் அழுதுவிட்டாள்.

ஸாஜித் வந்து சேர்ந்தான். போனை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தான். சிரிக்கக் கூடாது என்று அவன் பட்ட பாடு அவனுடைய தோளில் தெரிந்தது.

"சிரிச்சீங்க எண்டா நான் வாப்பா ஊட்ட போயிருவன்."

"இதுதான் புள்ள ஒங்கட வாப்பா சீதனமாத் தந்த ஊடு. போறதெண்டா நான்தான் போகணும்" என்றான். "அபாயாவப் போடு. வா, போவம்."

"எங்க?"

"அக்கரப்பத்துக்கு. இத எழுதி அழிக்க ஏலா."

மோட்டார் சைக்கிள் காரைதீவைத் தாண்டியது, நிந்தவூரைத் தாண்டியது. றிஸ்லா அவன் முதுகுக்குப் பின்னால் வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்தபடி வந்தாள். மன்னிப்பை எப்படித் தொடங்குவது? தங்கச்சி என்றா, ராத்தா என்றா? தட்டுப் போனது போனதுதான், அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அட்டாளைச்சேனையில் பாதையோரம் வெள்ளை முக்காடு போட்ட பெண்கள் நாலைந்து பேர் ஒரே ஓட்டோவில் நெருங்கி ஏறுவதைக் கண்டாள். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. 'யா அல்லாஹ், பூமி வெடிச்சி என்னை எடுத்தாலும் சம்மதம்' என்று நினைத்தாள்.

வீட்டோடு சேர்த்துக் கட்டிய அஸ்மியாவின் கடைக்கு முன்னால் ஓட்டோக்கள் வரிசையாக நின்றன. வாசலிலிருந்து பாதை விளிம்பு வரை பெண்கள் கூட்டம். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள், ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். அழுதுகொண்டு வந்து இறங்கியவர்கள் வாசலில் சல்மா உம்மா நாற்காலியில் உட்கார்ந்து கேக் தின்பதைக் கண்டு விறைத்துப் போய், பிறகு வெட்கப்பட்டு, வந்தது வந்துவிட்டோம் என்று கடைக்குள் நுழைந்திருந்தார்கள். புதுக்கடைக்கு வந்து வெறுங்கையோடு திரும்ப யாருக்குத்தான் மனம் வரும்? அதுவும் உயிரோடு இருக்கிற மனுசிக்கு அழுத பிறகு! ஆளுக்கொரு கூடை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே நிற்க இடமில்லை. காசு வாங்குகிற மேசையில் அஸ்மியா முகம் வியர்க்க நின்றாள்.

றிஸ்லா திரும்பிப் போய்விடலாமா என்று பின்னால் பார்த்தாள். ஸாஜித் மோட்டார் சைக்கிளைச் சாவகாசமாக நிறுத்திவிட்டு எதிர்ப்புறத் தேத்தண்ணிக் கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"மகள், நீ எதுக்கு வந்த?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "கடைக்கா, மையித்து ஊட்டுக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சல்மா உம்மாவின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய வயதான தமிழ் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய கண் இன்னும் சிவந்திருந்தது.

றிஸ்லாவின் நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"நான்... நான்தான் உம்மா றிஸ்லா. மா விக்கிற ஆள். நான்தான் பிழையா அனுப்பிட்டன். வாழ்த்தத்தான் உம்மா நெனச்சன்."

கூட்டத்தில் ஒருத்தி, "அந்த மாப் பக்கெட் படம்!" என்று கூவினாள். "நீங்களா அது? ஆள் ஒருத்தி இரிக்கா எண்டே எனக்குத் தெரியா!"

சத்தம் கேட்டு அஸ்மியா மேசையை விட்டு வெளியே வந்தாள். றிஸ்லாவைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"ராத்தா, எங்கட உம்மாவ மௌத்தாக்கினதும் இல்லாம, கீழ மொத்தமாவும் சில்லறையாவும் எண்டு வேற போட்டிரிக்கீங்க."

"தங்கச்சி, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கங்க."

"மன்னிக்கிறது வேற. நான் உங்களுக்கிட்டக் கேட்டது ஒண்டே ஒண்டு. வாங்க எண்டு கேட்டன். நீங்க வந்திருந்தா இந்த வேல நடந்திரிக்குமா?" அஸ்மியாவின் குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் கூட இருந்தது. "காரதீவிலிரிந்து மேனுஜா விடியவே மாவோட வந்து நிண்டா. தட்ட அவக்கிட்டக் குடுத்திட்டன். வந்த ஆளுக்குத்தானே குடுக்கலாம்."

றிஸ்லா உள்ளே பார்த்தாள். ஊர் மாவுக்கென்று ஒதுக்கிய தட்டில் மேனுஜாவின் குரக்கன் மாவும் உழுத்தம் மாவும் அரிசி மாவும் அழகாக அடுக்கியிருந்தன. பக்கத்தில் மேனுஜாவே நின்று ஒருத்திக்குப் பிட்டு அவிக்கிற பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். தனக்கென்று வைத்த தட்டு போனது றிஸ்லாவுக்கு வலித்தது. பிழை சொல்ல வழியில்லை. அஸ்மியா செய்ததுதான் நியாயம். அது தெரிந்தபடியால் வலி இன்னும் கூடியது.

"ஓம் தங்கச்சி, அது சரிதான்" என்றாள். போக மனம் வராமல் நின்றாள். மேசையில் ஆட்கள் கூடைகளோடு காத்து நின்றார்கள். அஸ்மியா ஓடிப் போய்க் கணக்குப் பார்க்க, சாமானைப் பையில் போட ஆளில்லை. றிஸ்லா யாரிடமும் கேட்காமல் மேசைக்கு அப்பால் போய்ப் பைகளை விரித்துச் சாமானை அடைக்கத் தொடங்கினாள். பக்கெட் அடைக்கிற கை அது, வேகமாக ஓடியது. அஸ்மியா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை றிஸ்லா எதிர்பார்க்கவில்லை. மேசைக்கு வந்த ஒவ்வொருத்தியும் அவளிடம் ஏதோ ஒன்று கதைத்தாள். "ஒளிக்காம ஒரு உண்மையச் சொல்லுங்க, மாவ எந்தப் பதத்தில வறுக்கிறீங்க?" என்றாள் நிந்தவூர்க்காரி. "எனக்கு மகன் பிறந்தப்போ முதல் துஆ உங்கடதான். ஆரு இந்த நல்ல மனுசி எண்டு யோசிச்சன்" என்றாள் ஒலுவில்காரி. "எங்கட ஊரில எனக்குச் சின்னக் கட ஒண்டு இரிக்கி, கொஞ்சம் மா அனுப்ப ஏலுமா?" என்று பாலமுனைக்காரி கேட்டாள். கைகள் வேலையில் இருந்தபடியால் றிஸ்லாவுக்கு வெட்கப்பட நேரம் கிடைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள், தானாகவும் இரண்டு கேள்வி கேட்டாள். சொன்னதும் சொல்ல நினைத்ததும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன.

பின்னேரம் அஸறுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது கூட்டம் வடிந்திருந்தது. சல்மா உம்மா றிஸ்லாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"இவளத் தெரியுமா ஒனக்கு?" என்று பக்கத்து அம்மாவைக் காட்டினார். "செல்லத்தங்கம். ஆலையடிவேம்பு. சின்னதில ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. இவள்ற ஊட்டுக்கும் என்ட ஊட்டுக்கும் நடுவில ரோட்டுத்தான். பெருநாளைக்கு இஞ்சரிந்து சோறு போகும், பொங்கலுக்கு அங்கரிந்து பொங்கல் வரும். ஆக்கள் மட்டும் போகமாட்டம். நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம் எண்டு எத்தின வருசம்! இண்டைக்கு இவள்ற மருமகள் போனப் பாத்துச் சொன்னதும், செருப்பும் போடாம ஓடி வந்திரிக்காள்."

"செத்துட்டாள் எண்டாங்கள், நான் என்ன செய்யிற?" என்றார் செல்லத்தங்கம். "இவள் வாசல்ல இருந்து கேக் திங்கிறாள். ரெண்டு அறை குடுப்பமா எண்டு வந்திச்சி."

"குடுத்தாள்!" என்றார் சல்மா உம்மா, கன்னத்தைத் தடவிக்கொண்டு. "குடுத்திட்டுக் கட்டிப் பிடிச்சி அழுதாள். மகள், நான் மௌத்தானா ஆரு வருவாங்க, ஆரு அழுவாங்க எண்டு ராவில நெனைக்கிற நான். எல்லாரையும் உசிரோடயே கண்டிட்டன். ஆருக்குக் கிடைக்கும் இது?"

கடைக்கு வந்ததிலிருந்து றிஸ்லா அடக்கி வைத்த அழுகை வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது. அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"அஸ்மியா!" என்று சல்மா உம்மா உள்ளே குரல் கொடுத்தார். "இந்தப் புள்ளட மாவுக்கு எடம் இல்லையாம், மெய்தானா?"

"தட்டு நிறஞ்சிட்டும்மா. குடுத்த எடத்தத் திருப்பி எடுக்க ஏலுமா?"

"எடுக்க வேணாம். அது அந்தப் புள்ளட எடம். என்ட கதிரைக்குப் பக்கத்தில எடம் கிடக்கி. அது என்ட எடம். நாளைக்கு மாவோட வா மகள். நீயே வா, ஆள அனுப்பாத."

அஸ்மியா தாயைப் பார்த்தாள், றிஸ்லாவைப் பார்த்தாள். முகம் கடுகடுவென்று இருந்தாலும் கண்ணில் சிரிப்பு வந்துவிட்டது. "மாசம் மாசம் நீங்கதான் கொண்டாரணும் ராத்தா" என்றாள். "வட்ஸ்அப்பில விசளம் அனுப்பினா அண்டையோட முடிஞ்சிது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் கடை திறந்திருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் போய்விட வேண்டுமென்று றிஸ்லாவும் அந்த இரண்டு பெண்களும் விடியவே அரைத்து அடைத்தார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் மோட்டார் சைக்கிளில் ஏறினாள். சல்மா உம்மா நாற்காலியில் தயாராக இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் றிஸ்லா பக்கெட்டுகளை அடுக்கினாள். அது வடிவில்லை என்று சல்மா உம்மா கலைத்து, தானே மறுபடியும் அடுக்கினார்.

முதல் ஆளாக ஒரு பெண் கூடையோடு வந்தாள். நேற்று வராதவள் போலிருக்கிறது, சல்மா உம்மாவைக் கண்டதும் பேயறைந்தவள்போல நின்றுவிட்டாள். சல்மா உம்மா ஒரு பக்கெட்டை எடுத்து அவளுடைய கூடையில் வைத்தார்.

"என்னை மௌத்தாக்கின புள்ளட மா இது" என்றார். "நல்ல மா. இன்னொண்டும் எடு."